கட்டியும் போலியும்

ருடால்ப் விர்ச்சோ 1858ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிரணு நோயியல் நூலை மருத்துவ உலகம் இன்றும் போற்றுகிறது. அவருடைய மற்றொரு பெருநூலைப் பற்றிப் பேசுவார் அரியர். 1862-63 குளிர்காலத்தில் பெர்லின் பல்கலைக் கழகத்தில் அவர் நிகழ்த்திய முப்பது விரிவுரைகள், கட்டிநோய்களைப் பற்றிய நூலாக 1863 முதல் 1867 வரை வெளிவந்தன. மூன்றாம் தொகுதி முற்றுப்பெறவில்லை. புற்றுநோய்க்குரிய பகுதி வெளிவரவே இல்லை. தலைமகன் தோன்றாமலே திரை விழுந்த நாடகம் போன்றது அந்நூல்.

நூலின் முதற்குறை அதன் பெயரிலேயே உள்ளது. விர்ச்சோ ஆண்ட ஜெர்மானியச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வீக்கம் என்பதே. தமிழில் 'கட்டி' என்னும் சொல் சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, புற்றுக்கட்டி ஆகிய அனைத்தையும் குறிப்பதுபோல, அச்சொல்லும் பலவற்றைத் தழுவி நின்றது. ஆகவே, இரத்தம் தேங்கிய வீக்கமும், நீர் கோத்த விரைவீக்கமும், மேகநோய், தொழுநோய் முடிச்சுகளும் மெய்யான கட்டிகளோடு ஒரே வரிசையில் இடம்பெற்றன.

இன்றைய நோயியலார் இவற்றைப் போலிகள் என்பர். உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் எழுவது மெய்க்கட்டி. கிருமியை எதிர்க்க உடல் திரட்டும் அணுக்களின் குவியலும் அதுபோலவே தோன்றும். காசநோயால் பருத்த கழுத்துக் கணுவையும் புற்றால் பருத்த கணுவையும் விரல் எளிதில் பிரித்தறியாது. திசுவை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டால், பாலாடைக்கட்டி போல் சிதைந்த நடுவும், சூழ நிற்கும் பல கருக்களையுடைய பேரணுக்களும் காசநோயைச் சுட்டும். தனிச் சாயத்தில் கிருமியும் தென்படின் ஐயம் அறும்.

ஆயினும், இக்குறை முழுவதையும் ஆசிரியர் மேல் சுமத்துதல் நடுநிலை ஆகாது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டது 1873இல். காசக் கிருமியைக் காக் அறிவித்தது 1882இல். காரணம் அறியாத காலத்தில் வடிவமே சான்று. புற்று, இணைப்புத் திசுவில் பிறக்கிறது என்று விர்ச்சோ பற்றி நின்றதே மெய்யான பிழை. அது மேற்படலத் திசுவிலிருந்து எழுவதைத் தீர்ஷ் 1865இலும் வால்டயர் 1867இலும் காட்டினர்.

நூலைக் கடந்தும் ஒரு சோதனை அவருக்கு வந்தது. 1887இல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல்வளையில் ஒரு வளர்ச்சி தோன்றியது. ஆங்கில மருத்துவர் மெக்கன்சி எடுத்தளித்த துண்டுகளில் விர்ச்சோ புற்றைக் காணவில்லை. திட்டமிட்டிருந்த அறுவை கைவிடப்பட்டது. மறு ஆண்டு அரியணை ஏறிய பிரெடரிக் 99 நாள் மட்டுமே ஆண்டு, 1888 சூன் 15இல் மறைந்தார். பிணச்சோதனை புற்றை உறுதிப்படுத்தியது.

விர்ச்சோ பொய்யுரைத்தார் அல்லர். தம் முடிவு அத்துண்டுகளுக்கே உரியது, நோய் முழுமைக்கும் பொருந்துமெனத் துணிய இயலாது என்று எச்சரித்திருந்தார். 'இத்துண்டில் புற்று இல்லை' என்பது வேறு. 'புற்றே இல்லை' என்பது வேறு. கேட்டோர் இரண்டையும் ஒன்றாக்கினர். ஓரடியைக் கொண்டு பாட்டு முழுமைக்கும் பொருள் முடிக்கும் மாணவனைத் தமிழாசிரியர் திருத்துவார் அல்லரோ? இங்கே அப்பிழைக்கு விலை ஓர் உயிராக இருந்திருக்கலாம்.

சொல் பொருளினும் அகன்றமையால் நூல் வழுவிற்று. துண்டு நோயினும் குறுகியமையால் தீர்ப்பு வழுவிற்று. எனினும், மெய்யையும் போலியையும் அருகருகே நிறுத்திக் காட்டியமையால் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் வழியை அந்நூல் திறந்தது. முற்றுப்பெறாத நூலின் முற்றிய பயன் அதுவே.