விழுங்கிய பிழை

'பிழை கையாளுதல்' என்று மென்பொருள்காரர்கள் சொல்வதை வெறும் தொழில்நுட்ப விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. யார் செய்த பிழை யார் பெயரில் எழுதப்படுகிறது என்கிற கேள்வி அதற்குள் இருக்கிறது. கோட்பாட்டு நூல் எதையும் படித்து நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. அருப்புக்கோட்டையில், நானே எழுதிய ஒரு நிரல் கற்றுக்கொடுத்தது.

ஜவுளி முதலாளி ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். தறிக்காரர் நூலை எடைபோட்டு வாங்கிப் போவார். சேலையையும் மீதி நூலையும் எடைபோட்டுத் திருப்புவார். குறைந்தால் கூலியில் பிடித்தம். மின்தராசு காட்டும் எடையை வாசிக்க, வேறு யாரோ எழுதிய செருகுநிரல் ஒன்றை என் நிரலோடு பொருத்தியிருந்தேன். தராசு ஒயர் கொஞ்சம் ஆடினால் போதும், அது பிழை என்று கத்தும். என் நிரலும் சேர்ந்து படுத்துவிடும். எதுக்கு வம்பு என்று அந்தப் பிழையைப் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, எடை இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளும்படி செய்தேன். அதன்பிறகு நிரல் நிற்கவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம், திருச்சுழி ரோட்டுப் பக்கமிருந்து வருகிற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏந் தம்பி, மீதி நூலத் திருப்பிக் குடுத்தது நெசம். கணக்குல இல்லேங்குது. அப்ப நான் களவாண்டுட்டேனா?" கணக்கப்பிள்ளை என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுய்யா."

பொய்தான் சொன்னது. சொல்லவைத்தவன் நான். 'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது அறிவின் போதாமை; பின்னது தீர்ப்பு. விழுங்கப்படும் பிழை முன்னதைப் பின்னதாக மாற்றி எழுதிவிடுகிறது. தன் அறியாமையை எதிரே நிற்பவரின் குற்றமாக எழுதுவது அதிகாரத்தின் பழைய வழக்கம். அதற்கு நான் ஒரு வரி நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தறி என்னைவிட யோக்கியமானது. விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் துணி பழுது.

அப்படியானால் செருகுநிரல் ஒன்று தடுக்கி விழும்போதெல்லாம் மொத்தமும் நிற்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி 2010இல், 3.6.4 பதிப்பில், ஃபிளாஷ் போன்ற செருகுநிரல்களைத் தனிச் செயல்முறையாகப் பிரித்து ஓடவிட்டது. செருகுநிரல் விழுந்தாலும் உலாவி விழாது. விழுந்தது இன்னது என்று அந்த இடத்திலேயே எழுதிக் காட்டும். இணையத்தில் நம்மவர்கள் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ், 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, தளத்தை முடக்கிய செருகுநிரலின் பெயரைச் சொல்லி நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. உள்ளே போய்ச் சரிசெய்ய வழியும் விடுகிறது. இந்த வறண்ட பூமியில் கண்மாய்க்குக் கலுங்கு கட்டியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. மேலேயிருந்து வரும் வெள்ளம் நம் கையில் இல்லை. கரை உடையாமல் அது வெளியேற வழிவைப்பது நம் கையில் இருக்கிறது.

தோழர்கள் இங்கே குறுக்கிடலாம்: 'உள்ளே' இருப்பது நம்பகமானது, 'வெளியே'யிருந்து வருவது சந்தேகத்துக்குரியது என்று பிரித்து ஒதுக்குவது ஊர்-சேரிப் புத்திதானே? நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19 அன்று நடந்ததைப் பார்ப்போம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள், விண்டோஸின் கருவறையான 'கர்னல்' வரைக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதன் நிரல் கொடுத்தது 20 உள்ளீடுகள்; புதிதாக வந்து இறங்கிய கோப்பு 21ஆவதைக் கேட்டது. இல்லாத ஒன்றை வாசிக்கப்போய், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில், சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவையும் செய்தது ஒதுக்கி வைக்கப்பட்ட நிரலல்ல. கருவறைக்குள் விடப்பட்ட நிரல். ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். யார் எழுதியதானாலும், நான் எழுதியதானாலும், எந்த நிரலும் பிழை செய்யும் என்ற எண்ணத்தோடுதான் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

இப்போது என் நிரல் பூஜ்யம் போடுவதில்லை. 'தராசு எடை சொல்லவில்லை' என்று எழுதுகிறது. ஆள் வந்து மறுபடி எடைபோடும்வரை பிடித்தம் செய்ய விடாது. பிடித்த பணம் பெரியவருக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்று வாரம் 'களவாண்டவர்' என்று நின்றாரே, அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத் தேய்ந்த விரலை ரேஷன் கடைக் கருவியில் வைக்கிறார்கள். 'ரேகை பொருந்தவில்லை' என்கிறது அது. பிழை விரலிலா, கருவியிலா, நடுவில் யாரோ விழுங்கியதிலா? வரிசையில் நிற்பவர்களோடு சேர்ந்து நாமும் இதைக் கேட்டாக வேண்டும்.