பாகங்களின் பொருத்தம்

கட்டித் தயாராக இருக்கும் கம்ப்யூட்டரை வாங்கிவிடலாம். ஆனால் பாகம் பாகமாகத் தேர்ந்து சேர்ப்பதில்தான் ருசியே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல இங்கேயும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

2022-இல் வந்த, பிராசஸர் அமரும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டைப் பாருங்கள். விரல் பட்டாலே வளைந்துவிடும் 1,718 மெல்லிய ஊசிகள். இந்தச் சாக்கெட் உள்ள மதர்போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏறும். டிடிஆர்4-க்கும் அதே 288 முனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளியிருக்கும். தவறான ரேமை ஸ்லாட்டே உள்ளே விடாது. என்ன அழகான காவல்!

ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 450 வாட் வரை இழுக்கும். அதற்கு 850 வாட் பவர் சப்ளை வையுங்கள் என்கிறது என்விடியா. அந்நிறுவனமே வெளியிட்ட கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர். கேபினெட்டின் உள்ளளவு தெரியாமல் இதை வாங்கக் கூடாது.

வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் காற்றோடும் பொருத்தம் பார்க்க வேண்டும். உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ள கேபினெட்டாக வாங்குங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன், மதர்போர்டு நிறுவனம் தரும் பொருத்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.