தூதர் போதாது: தோபித்து நூலும் கடல் கடந்த நம் இல்லங்களும்

பிரிவுக்கென்றே ஒரு திணை வகுத்த மொழி தமிழ். பொருள் தேடிப் பிரிதலைப் பாலை என்றும், பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தலை முல்லை என்றும், ஆற்றாது இரங்குதலை நெய்தல் என்றும் நம் முன்னோர் பகுத்துணர்ந்தனர். கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதையும் தொல்காப்பியர் மறவாமல் குறித்தார். எனினும், பிரிந்தவர் சில நாள் வந்து தங்கி, கண்டு மகிழ்ந்து, மீண்டும் பிரிந்து செல்லும் நிலைக்கு, அதாவது இன்று நாம் 'ஊருக்கு வந்துபோதல்' என்று எளிமையாகச் சொல்லும் நிகழ்ச்சிக்கு, நம் பழைய இலக்கணத்தில் தனிப்பெயர் இல்லை. பெயர் பெறாத அந்நிகழ்ச்சியே இன்று நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்களின் ஆண்டுக் கணக்கை நடத்தி வருகின்றது.

2002-ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் சற்று நேரம் நின்றால் இவ்வுண்மை விளங்கும். மகன் துபாயில், மகள் டொராண்டோவில், இளையவன் சிட்னியில் என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளைகள் எப்போது வருகிறார்கள் என்பது அவர்களிடம் கேட்கப்படும் முதல் வினா. எத்தனை நாள் இருப்பார்கள் என்பது அடுத்த வினா. இவ்விரு வினாக்களையும் உயிராகக் கொண்ட இலக்கியம் ஒன்று உண்டா என்று தேடினால், அது நம் கையிலுள்ள திருவிவிலியத்திலேயே இருக்கக் காண்கிறோம். இணைத்திருமுறை நூல்களுள் ஒன்றான தோபித்து நூலே அது. வானதூதர் இரபேலின் பொருட்டும் திருமண அருளுரைகளின் பொருட்டுமே நாம் பெரும்பாலும் நினைவுகூரும் அந்நூலை, இங்கே ஒரு குடும்ப இலக்கியமாக, நம் மண்ணின் பாடல்களோடு ஒப்பு வைத்து நோக்குவோம்.

நம் கடற்கரையைப் பாடிய பழம்பாடல்களுள் தலைசிறந்தது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்த 500 அடிப் பாட்டில், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகின்றது. அதனை மாமல்லபுரம் என்பார் சிலர். பாலாற்று முகத்துவாரத்தின் அருகே, அகழாய்வில் பழைய வாணிகத் தடயங்கள் கிடைத்த வசவசமுத்திரத்தோடு இணைப்பார் வேறு சிலர். குதிரைகளைக் கொண்டுவந்த கலங்களும், மாடங்கள் ஓங்கிய தெருக்களும், இரவில் தீயேற்றிக் கடலில் ஓடும் கலங்களை அழைத்த விளக்கமும் அப்பாட்டில் காட்சியாகின்றன. காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு, வழியில் எந்த மக்களின் குடியிருப்பில் எந்த உணவு கிடைக்கும் என்று புலவர் சொல்லிச் செல்வதிலிருந்து, புதியவரை விருந்தாக ஏற்பதில் இம்மண் கண்ட மேன்மை புலப்படும். ஆனால் அக்கலங்களில் வந்தோருக்காகத் தொலைநாட்டில் காத்திருந்த இல்லங்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. அது அவர் நோக்கமும் அன்று.

பட்டினப்பாலையும் அதே புலவரின் படைப்பே. காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து வர இயலாது என்று தன் நெஞ்சுக்குச் சொல்லிப் பயணத்தைக் கைவிடும் தலைவனை அதில் காண்கிறோம். ஆக, ஒரே புலவரிடம் வழிநடக்கும் விருந்தினனும் உண்டு; புறப்படாது நின்றுவிட்ட தலைவனும் உண்டு. சென்று, வந்து, மீண்டும் செல்லும் பிள்ளை மட்டும் இல்லை.

பெற்று வளர்த்தோரின் துயரைச் சங்கப் புலவர் பாடாமல் விடவில்லை. கலித்தொகையின் பாலைக்கலியில், தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிச் சுரத்தின் வழியே செல்லும் செவிலித்தாய், எதிர்வரும் அந்தணரிடம் வினவுகிறாள். சந்தனம் பிறந்த மலைக்கும் முத்துப் பிறந்த கடலுக்கும் அவற்றால் பயன் இல்லை, உன் மகளும் அத்தகையவளே என்னும் கருத்துப்பட அவர்கள் ஆறுதல் மொழிகின்றனர். உவமையின் அழகில் நாம் மயங்கிவிடுகிறோம். சற்று நின்று எண்ணினால், அறிவுரை முழுவதும் தாய்க்கே சொல்லப்படுவது தெரியவரும். மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பிப் போ என்பதே அதன் சாரம். முத்துக்குக் கடலிடம் கடமை ஏதேனும் உண்டோ என்று அவ்வுவமை கேட்கவில்லை.

கடல் கடந்த வாழ்வைப் பாடுபொருளாக்கிய தற்காலப் புதினங்களுள் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டும் முதன்மையானவை. பினாங்கிலும் மேடானிலும் பொருள் தேடிய தமிழரின் உலகம் அவற்றில் உயிர்த்துடிப்போடு விரிகின்றது. ஆயினும் அம்மனிதர் ஊருக்கு வருவது பெரும்பாலும் நினைவில்தான். மதுரைத் தெருக்களை மனத்தால் நடந்து பார்க்கும் பாண்டியனை நம்மால் மறக்க இயலாது; வாசலில் நின்றோரின் நாள்கணக்கு அந்நூலின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இவ்விடைவெளியில்தான் தோபித்து நூல் நமக்கு வந்து உதவுகின்றது. நினிவேக்கு நாடுகடத்தப்பட்ட இஸ்ரயேலர் தோபித்து. அவர் மனைவி அன்னா. ஒரே மகன் தோபியா. பார்வை இழந்து வறுமையுற்ற தந்தை, மேதியா நாட்டில் தம் இனத்தவர் ஒருவரிடம் முன்னர் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியைப் பெற்றுவர மகனை அனுப்புகிறார். இரபேல் அசரியா என்னும் பெயரில் வழித்துணையாகிறார்; வீட்டு நாயும் கூடச் செல்கிறது. வழியில் எக்பத்தானா நகரில் இரகுவேலின் மகள் சாராவைத் தோபியா மணக்கிறார். கதை பொருள்வயிற் பிரிவில்தான் தொடங்குகின்றது என்பதைத் தமிழ் வாசகர் உடனே கண்டுகொள்வர்.

மகன் படியிறங்கியதும் அன்னா அழுகிறார். பணத்தோடு பணம் சேர்ப்பதற்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டுமா என்று கணவரிடம் கேட்கிறார். தோபித்து ஆறுதல் கூற, அப்போதைக்கு அழுகை அடங்குகிறது. குறித்த நாள் கடந்ததும் நிலைமை மாறுகின்றது. மீண்டும் தேற்ற முனையும் கணவரிடம், என்னை ஏமாற்ற வேண்டாம் என்று அன்னா சினக்கிறார். நாள்தோறும் சென்று மகன் போன வழியையே பார்த்திருந்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பி இரவெல்லாம் கலங்குகிறார். கலித்தொகைத் தாய்க்கும் இத்தாய்க்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. அங்கே தாயைத் தேற்றுவதோடு பாட்டு நிறைவுறுகின்றது. இங்கே தேற்றுதலைத் தாய் மறுக்கிறார்; நூலாசிரியர் அவர் பக்கமே நிற்கிறார். அன்னாவை அறியாத பெண் என்றோ பொறுமையற்றவர் என்றோ அவர் ஓரிடத்திலும் இகழவில்லை.

அதற்குச் சான்று நூலின் மறுபக்கத்தில் உள்ளது. இரகுவேல் திருமண விருந்தைப் பதினான்கு நாள் நடத்த உறுதி பூண்டபோது, தம் தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார், ஒரு நாள் தாழ்த்தினாலும் வருந்துவார் என்று தோபியா இரபேலிடம் சொல்லி, வெள்ளியைப் பெற்றுவர அவரையே அனுப்புகிறார். விருந்து முடிந்தபின்னும் மருமகனைப் பிரிய மனமில்லாத இரகுவேல், இன்னும் தங்கியிரு, உன் தந்தைக்குத் தூதரை அனுப்பிச் செய்தி தெரிவிக்கிறேன் என்கிறார். அன்பான வேண்டுகோள்தான், தோபியா அதற்கு இணங்கவில்லை. பணத்தைக் கொண்டுவரத் தூதரை அனுப்பியவர், தமக்குப் பதிலாகத் தூதர் செல்வதை ஏற்கவில்லை. இந்நூலின் உயிர்நிலை இவ்விடமே என்பது நம் கருத்து. காத்திருப்பவர் நாளெண்ணுவது இயல்பு. சென்றவரும் அதே நாள்களை எண்ணுவதே அறம் என்று இந்நூல் உரைக்கின்றது.

இன்று தூதருக்குக் குறைவில்லை. வங்கி வழியே பணம் நொடியில் வந்து சேர்கின்றது. கைப்பேசியில் பேரக்குழந்தையின் முகம் நாள்தோறும் தெரிகின்றது. அன்னாவை வாட்டிய 'உயிரோடிருக்கிறானா' என்னும் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. இந்நன்மையைக் குறைத்துச் சொல்வது நன்றியன்று. 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை நம் நாட்டின் வழக்கமான பன்னாட்டு விமானச் சேவைகள் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பெற்றோரின் அடக்கத் திருப்பலியைக் கைப்பேசித் திரையில் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தூதர் மட்டுமே எஞ்சியிருந்தார். ஆயினும், தூதர் போதாது என்பதை அக்காலத்தைப்போல நமக்குக் கற்பித்தது வேறொன்றில்லை. ஆபத்தில் துணைநின்ற அதே திரை, வழி திறந்தபின் வராமைக்குச் சாக்காக மாறும்போதுதான் இரகுவேலின் வேண்டுகோளுக்கு நாம் இணங்கிவிடுகிறோம்.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். தோபியா இரகுவேலின் உடைமையில் பாதியைப் பெற்றுத் திரும்பியவர். அவர் புறப்படுவதைத் தடுக்க மேலதிகாரி எவரும் இல்லை. வளைகுடா நாட்டுக் கட்டுமானத் தளத்தில் உழைக்கும் நம் இளைஞருக்கு விடுப்பு முதலாளியின் கையில்; பயணச்சீட்டு பல மாத ஊதியத்தின் சேமிப்பில். பெற்றோரை வரவழைக்கப் பல நாடுகள் வருமான வரம்பும் வைத்துள்ளன. ஆகவே, வராத பிள்ளைகள் எல்லாரையும் இந்நூலைக் காட்டிக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. வர இயன்றும் தூதரோடு நிறைவடைவோரை நோக்கியே இது பேசுகின்றது.

வருகின்ற பிள்ளைகளின் நாள்களும் எவ்வாறு கழிகின்றன? மூன்று வார விடுமுறையில் திருமணங்கள், வங்கி வேலைகள், அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவுக்கு நேர்த்திக்கடன், ஒரு நாள் மாமல்லபுரம். அங்கே குழந்தைகளை உருண்டைப் பாறையின்முன் நிறுத்திப் படமெடுத்து விரைகிறோம். அருகே கிருஷ்ண மண்டபத்தில், தூக்கிய மலையின் நிழலில் ஓர் ஆயர்பாடியே அடைக்கலம் புகுந்திருக்கின்றது. பால் கறக்கும் ஆயனும், கன்றை நக்கும் பசுவும், பானைகள் சுமந்த பெண்ணும் அங்கே உள்ளனர். இல்வாழ்வின் அந்த எளிய காட்சியின்முன் தாத்தாவோடும் பாட்டியோடும் சற்று அமரும் பொழுது கிடைப்பதில்லை. நினிவேக்குத் திரும்பிய தோபியாவின் இல்லத்தில் நிகழ்வதைப் பாருங்கள். தாய் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். தந்தை தடுமாறியபடி வாயிலுக்கு வருகிறார். பார்வை பெற்ற அம்முதியவர், பின்னால் வரும் மருமகளை எதிர்கொள்ள நகர வாயில்வரை தாமே நடந்து சென்று, மகளே என்று வரவேற்கிறார். பத்துத் தாலந்து வெள்ளியைப் பற்றிய பேச்சு அச்சந்திப்பில் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

பிள்ளைகள் வருவதுபோலவே பெற்றோர் செல்வதும் இன்று வழக்கமாகியுள்ளது. கனடாவில் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் ஒரே வருகையில் 5 ஆண்டுவரை தங்க 2022 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. மகளின் பேறுகாலத்துக்கென்று புறப்படும் அன்னையரை நாம் அறிவோம். இத்தகைய பயணத்துக்கு நம் அருளுரைகள் காட்டும் முன்மாதிரி, மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்ச்சி. மரியா அங்கே சென்று வீட்டுவேலை செய்தார் என்று நாம் விரித்துரைப்பது வழக்கம். லூக்கா நற்செய்தியை மீண்டும் படித்துப் பார்ப்போம். ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்னும் குறிப்பு உண்டு. வேலைகளின் பட்டியல் அதில் இல்லை. வாழ்த்தும், வந்தவரைக் கண்டு வியந்த முதியவளின் மகிழ்ச்சியும், மரியாவின் பாடலுமே அங்கே இடம்பெறுகின்றன. உதவி செய்திருப்பார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. உதவிக்காக மட்டும் அழைக்கப்படும் தாய்க்கும், இவர் என்னைக் காண வந்தாரே என்று வியந்து வரவேற்கப்படும் தாய்க்கும் உள்ள வேறுபாட்டை நற்செய்தியாளர் நன்கு அறிந்திருந்தார்.

புலம்பெயர்ந்தோர்பால் திருச்சபையின் அக்கறை நெடியது. 1952-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் வெளியிட்ட 'எக்சூல் ஃபமிலியா' என்னும் ஆவணம், எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பத்தை எல்லாப் புலம்பெயர் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தியது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். சென்றவரையும் நின்றவரையும் நோக்கிய இவ்விரு அக்கறைகளையும் ஒரே குடும்பக் கதையில் இணைத்துக் காட்டுவது தோபித்து நூலின் தனிச்சிறப்பு.

அந்நூலின் கடைசி அதிகாரம் அதிகம் படிக்கப்படுவதில்லை. மகளின் பிள்ளைகளைக் கண்டபின்பே கண்மூட வேண்டும் என்று சாராவின் அன்னை விடைகொடுக்கும்போது வேண்டியிருந்தார். தோபியா தம் தந்தையையும் பின்னர் தாயையும் நல்லடக்கம் செய்யும்வரை நினிவேயில் இருக்கிறார். அதன்பின் மனைவியோடு எக்பத்தானாவுக்குச் சென்று, முதுமையடைந்த மாமனார் மாமியாரைப் பேணி, அவர்களையும் அடக்கம் செய்கிறார். இரு வீட்டாரின் நாள்கணக்கும் அவர் நினைவில் இருந்தன. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எவர் வீட்டுக்கேனும் தொலைநாட்டுப் பிள்ளைகள் வருவார்களாயின், ஒரு மாலை செபத்தின்போது தோபித்து நூலின் பத்தாம் அதிகாரத்தைப் பேரப்பிள்ளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். தமிழ் எழுத்து அறியாத பிள்ளையாயின், பாட்டி படித்துக் காட்டட்டும்.