நிரைகளுக்கு நடுவே ஒரு மிதிவண்டி

பயணக் கட்டுரை நம் நாட்டுத் தமிழெழுத்தில் செழித்து வளர்ந்துள்ள துறைகளுள் ஒன்று. ஆயினும் அதனைத் திறனாய்வோர் அரியர். சிறுகதையையும் புதுக்கவிதையையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கும் நாம், பயணக் கட்டுரை என்றதும், போனார், வந்தார், எழுதினார், நன்று என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எழுதியவரின் செலவையும் அலைச்சலையும் எண்ணி இரக்கம் காட்டுகிறோம் போலும். எழுத்துக்கு அவ்விரக்கம் நன்மை செய்வதில்லை.

என் பழைய மாணவர் ஒருவர், இன்று பொறியாளர், பிரான்சு நாட்டின் பர்கண்டி வட்டாரத்தில் மே மாதத்தில் பத்து நாள் மிதிவண்டியில் சுற்றி வந்து, அதனை நூலாக எழுதி, அணிந்துரை வேண்டி என்னிடம் தந்தார். மது விளையும் ஊரைப் பற்றிய நூலுக்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அணிந்துரை எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தோட்டத்துக் கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு வளர்ந்தவன் நான். கேள்வியின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. எனினும் என் தயக்கத்திற்குக் காரணம் அதுவன்று.

முதலில் அவர் சென்ற வழியைச் சொல்லிவிடுகிறேன். போன் என்னும் பழைய நகரிலிருந்து தெற்கே சாந்தனே வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளும் ஒரு பாதை உண்டு. 'கொடிமுந்திரி வழி' என்று பொருள்படும் பெயரால் அதனை அழைக்கின்றனர். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷஸாஞ்-மோன்ராஷே ஆகிய சிற்றூர்களைத் தொட்டுச் செல்லும் அப்பாதையில் கார்களின் தொல்லை மிகக் குறைவு. இருபுறமும் திராட்சை, இடையிடையே கல்மதில், மேலே சரிவின் தலையில் காடு. இதற்கும் தெற்கே, ஷிவ்ரியிலிருந்து குளூனி வரை, கைவிடப்பட்ட இருப்புப்பாதையின்மேல் 1997இல் திறக்கப்பட்ட 44 கிலோமீட்டர்ப் பசுவழி ஒன்றும் உண்டு. மாணவர் இரண்டிலும் சென்றிருக்கிறார்.

நூலின் நடை தெளிந்த நடை. காலை வெயில் மதிலில் விழும் விதத்தையும், சக்கரத்தின் ஒலி தவிர வேறொலி இல்லாத பொழுதுகளையும் அவர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நாற்பது பக்கம் படித்த பிறகு எனக்கு மூச்சு முட்டிற்று. 'அமைதி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். காலங்காலமாக மாறாத நிலம் என்று மூன்று இடங்களில் வருகிறது. மாந்தர் என்று சொல்லத்தக்கவர் விடுதிக்காரப் பெண்மணி ஒருவர், மது ஊற்றித் தந்த கிழவர் ஒருவர், அவ்வளவே.

மாறாத நிலம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாணவர் வியந்த அந்த நேர்நேரான நிரைகள் பழமையானவையே அல்ல. வேரை அரிக்கும் பிலாக்சரா என்னும் பூச்சி 1878இல் மெர்சோவில் காணப்பட்டது. அதற்குமுன் அங்கே கொடிகள் நிரையின்றிக் கூட்டமாய் நெருங்கி நின்றன. பூச்சிக்கு அஞ்சிப் பழங்கொடிகளைப் பிடுங்கி, அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிப் புதிதாய் நட்டபோதுதான், குதிரை ஏர் புகுவதற்கு ஏற்ப நிரை பிடித்தார்கள். ஒட்டுக்கட்டிய ரப்பர் மரத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்நிலத்தின் அழகு ஒரு பேரழிவுக்குப் பின் கைகளால் போடப்பட்ட கோடு. ஊர்ப்பெயர்களிலுள்ள 'மோன்ராஷே'யும் அப்படித்தான். புகழ்பெற்ற ஒரு தோட்டத்தின் பெயரை 1879இல் இரண்டு ஊர்களும் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பெயரிலும் ஒட்டுக்கட்டல்!

நம் முன்னோரிடம் வழிநூல் இருந்ததா என்று கேட்போர்க்கு ஆற்றுப்படையைக் காட்டுவது வழக்கம். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறியவனாய் எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. வள்ளலைப் புகழ்வதற்காகவே பிறந்த இலக்கியம் அது. நடுநிலையானது என்று நான் வாதாட மாட்டேன். எனினும் அது வழி சொல்லும் முறையைப் பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எயினர், கோவலர், உழவர், வலைஞர் என்று ஒவ்வொருவர் குடியிருப்பையும் அவர்தம் தொழிலையும் காட்டி, அங்கே என்ன உணவு கிடைக்கும் என்றும் சொல்கிறார். மலைபடுகடாமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. பன்றிக்கு அஞ்சி வைத்த கற்பொறி இருக்கிறது, பார்த்து நட. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின் ஒதுங்கு என்றெல்லாம் பெருங்கௌசிகனார் எச்சரிக்கிறார். பொறி எவரோ ஒருவர் பிழைப்புக்காக வைத்தது. கல் எவரோ ஒருவர் தம் விளைச்சலைக் காக்க எறிவது. வழிப்போக்கன் பிறர் உழைக்கும் நிலத்தின் ஊடே போகிறான் என்பது அப்பாட்டில் ஒரு கணமும் மறப்பதில்லை.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் தெய்வம், உணா, மரம், புள் என்பவற்றோடு 'செய்தி' என்று ஒன்றையும் வைத்தது. செய்தி என்பது தொழில். தொழிலை நீக்கிவிட்டால் எஞ்சுவது நிலமும் பொழுதும் மட்டுமே. என் மாணவரின் நூலில் முதற்பொருள் நிறைய உண்டு. கருப்பொருளில் பாதி காணோம். அதனால் உரிப்பொருளாக அவர் வைக்கும் மனஅமைதியும் காலூன்ற இடமின்றி மிதக்கிறது.

இந்தக் குறை அவருக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' என்னும் நூலில் புகழ்பெற்ற வழிகாட்டி நூல்வரிசை ஒன்றைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். மலையும் கோயிலுமே அதன் கண்ணில் படுகின்றன, மக்கள் வெறும் மாதிரி உருவங்களாகச் சுருங்கிவிடுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அந்நூலிலேயே திராட்சை மதுவைப் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. பிரெஞ்சு மக்கள் தம் குலச்சின்னம் போலப் போற்றும் அம்மது, அல்ஜீரியாவில் அதனை அருந்தாத முசுலிம் மக்களின் நிலத்தில் குடியேற்ற ஆட்சியால் திணிக்கப்பட்ட பயிராகவும் இருந்தது என்று அவர் முடிக்கும்போது, இனிய பானத்தில் மண் கலந்துவிடுகிறது. தம் நாட்டின் பெருமைப் பொருளைப் பற்றித் தாமே இப்படி எழுதத் துணிவு வேண்டும். அயலாராகிய நாமோ விருந்தினர் நாகரிகம் என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

மாணவரை வீட்டிற்கு அழைத்துப் பேசினேன். "தோட்டத்தில் யாரையும் பார்க்கவில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை, ஐயா. அங்கங்கே சிலர் குனிந்துகொண்டு நின்றார்கள். என்ன செய்தார்கள் என்று கவனிக்கவில்லை."

மே மாதத்தில் குனிந்து நின்றவர் செய்திருக்கக்கூடியது தளிர் கிள்ளும் வேலை. கொடியில் வேண்டாத தளிர்களைக் கையால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பர்கண்டியில் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 10,000 கொடிகள் நெருக்கமாக நடுவார்கள். அத்தனைக்கும் குனிய வேண்டும். குளிர்காலத்தில் கிளை கழித்து, கழித்த குச்சிகளை உருளை வண்டியிலிட்டு நிரையிலேயே எரிப்பார்கள். சிறந்த தோட்டங்களில் அறுவடையும் கையால்தான். இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்தேன். அவரோ பக்கத்திலேயே மிதிவண்டியில் போனார்.

யார் பறிக்கிறார்கள் என்பதும் சிறிய கேள்வியன்று. வடக்கே சாம்பேன் வட்டாரத்தில் கையால் பறிப்பது சட்டமாகவே உள்ளது. அங்கே 2023 அறுவடையின்போது கடும் வெயிலில் தொழிலாளர் சிலர் இறந்தனர். அவ்வாண்டே, பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 50க்கு மேற்பட்டோரை இழிந்த இருப்பிடத்தில் அடைத்து வேலை வாங்கியது வெளிப்பட்டது. 2025இல் நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இது பர்கண்டியன்று, மாணவர் சென்ற ஊர்கள்மேல் நான் இப்பழியைச் சுமத்தவில்லை. ஆயினும் இதனைப் படித்த பின்னும் திராட்சைச் சரிவை வெறும் ஓவியமாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூலின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வருணனை. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல, தென்றல் தாலாட்ட, பறவைகள் இன்னிசை பாட என்று போகிறது. எங்கோ கேட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது: அது என் மாதிரிக் கட்டுரை. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 'எங்கள் தோட்டம்' என்ற தலைப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொன்னது. அவ்வகுப்பிலிருந்த பிள்ளைகளின் தாய்மார் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மங்கும் வாளியுமாக நிரைக்குப் போனவர்கள். என் கட்டுரையில் ஒரு மங்குகூட இல்லை. ஒரு சிறுமி தன் தாயார் மரம் வெட்டுவதை எழுதியிருந்தாள். தலைப்பை விட்டு விலகுகிறது என்று கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தேர்வில் மதிப்பெண் வேண்டும் என்ற அச்சம் எனக்கு. அந்த வகுப்பில்தான் இப்பொறியாளரும் இருந்தார். இன்று நம் நாட்டிலும் வார இறுதியில் செம்பனைத் தோட்டச் சாலைகளில் மிதிவண்டிக் குழுக்கள் செல்கின்றன. அவர்கள் எழுதுவதிலும் அந்தப் பச்சைக் கம்பளம் விரிகிறது.

மாணவரின் முதல் படியில் ஒரு பத்தி இருந்தது. மெர்சோவைத் தாண்டியதும், நிரையின்மேல் கால்களை அகட்டி நிற்கும் உயரமான இழுவை வண்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றதாம். ஓட்டுநர் இறங்கி எதையோ பழுதுபார்க்க, இவர் பத்து நிமிடம் காத்து நின்றிருக்கிறார். அவர் கைகளில் நீலமாய் மருந்துக் கறை. வழிவிட்டபோது அவர்தாம் மன்னிப்புக் கேட்டாராம். கொடிமுந்திரி வழி முதலில் தோட்ட வேலைக்காக உள்ள சாலை. மிதிவண்டிக்காரர் அதில் பின்னர் வந்து சேர்ந்தவர். பிறர் வேலை செய்யும் வழியில் தாம் நிற்கிறோம் என்பது அந்த ஒரு பத்தியில்தான் தெரிகிறது. இரண்டாம் படியில் அது இல்லை. கேட்டதற்கு, அமைதி கெடுகிறது என்று எடுத்துவிட்டேன் என்றார்.

அதனைத் திரும்பச் சேர்த்து, முடிந்தால் நூலையே அங்கிருந்து தொடங்குமாறு எழுதி அனுப்பியிருக்கிறேன். மாதிரிக் கட்டுரையைப் பற்றியும் மறைக்காமல் எழுதினேன். நான்கு மாதமாகிறது. அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது, ஐயா, அணிந்துரை இரண்டு பக்கம் போதும் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பத்தி என்னவாயிற்று என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார்.