பாலசந்தர்: மேடையும் கரிசலும்

கே. பாலசந்தரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கண்டெடுத்த நடிகர்களின் பட்டியல்தான் முதலில் வரும். ரஜினிகாந்த், சரிதா, பிரகாஷ்ராஜ் என்று அது நீளும். கமல்ஹாசனையும் சிலர் சேர்த்துவிடுவார்கள். அவரோ 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'விலேயே வந்துவிட்டவர். ஆளைப் பார்த்ததும் எடைபோடும் கண் பாலசந்தருக்கு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இயக்குநராக அவருடைய இடம் எது என்று கேட்டால் அந்தப் பட்டியல் வாய் திறக்காது.

நன்னிலத்துக்காரர். சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் வேலை, வேலை முடிந்தால் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாமே மேடையில் கைதட்டல் வாங்கிய பிறகு திரைக்கு வந்தவை. அவர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' (1965) ஒரு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போகாது. அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. ஒருவர் அறைக்குள் வருவார், நின்று பேசுவார், சுருக்கென்று ஒரு வசனம் விழும், போய்விடுவார். சபாவில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டுமே என்று பிறந்த பேச்சு அது. கேமரா முகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்போதும் அவருடைய மனிதர்கள் கடைசி வரிசையை நோக்கியே பேசினார்கள்.

அதே மேடைத் தந்திரம் கதைக்குத் தேவையாக அமைந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, குடித்தனக்காரர்கள் ஏவும் வேலையெல்லாம் செய்கிற மாது. அதே வீட்டில் இருமல் தாத்தா ஒருவர் உண்டு. முகம் காட்டமாட்டார், இருமல் மட்டும் கேட்கும். பணமும் இடமும் மிச்சப்படுத்தும் நாடகக்காரரின் யுக்திதான் அது. நாலு சுவருக்குள் இத்தனை குடும்பம் என்ற நெருக்கடியை அந்த இருமலே சொல்லிவிடுகிறது. 'அவர்கள்' (1977) படத்தின் பொம்மையும் அப்படித்தான்: கூச்சப்படும் மனிதன் தன் வாயால் சொல்ல முடியாததைப் பொம்மையின் வாயால் சொல்கிறான். மற்ற பல படங்களில் குறியீடு முதலில் காட்டப்படும், பிறகு வசனத்தில் விளக்கப்படும், அதுவும் போதாதென்று பாட்டிலும் வரும். ரசிகனை நம்பாத கை அது.

பெண்களுக்காகப் படமெடுத்தவர் என்ற புகழை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். 'அரங்கேற்றம்' (1973) லலிதா குடும்பத்துக்காக உடலை விற்கிறாள். கதை அவளைப் பைத்தியமாக்கி முடிக்கிறது. 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா கல்யாண வாசல்வரை போய்விட்டுப் பழைய சுமைக்கே திரும்புகிறாள். 'சிந்து பைரவி' (1985) சிந்து பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு விலகுகிறாள். கேள்வி கேட்க வாய் கொடுக்கிறார். கேட்டதற்கு விலையையும் கணக்குப் பார்த்து வசூலித்துவிடுகிறார். அதுதான் அன்றைய யதார்த்தம் என்று வாதாடலாம். மூன்று கதையிலும் யதார்த்தம் ஒரே பக்கம் சாய்வதுதான் இடிக்கிறது. 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) தேன்மொழி மட்டும் விலக்கு. சோரம்போன அரசியல்வாதிக் கணவனை மாலை போடும் சாக்கில் ஊரறியக் குத்துகிறாள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'தண்ணீர் தண்ணீர்' (1981). சொந்த மண் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். சிவகிரிக்காரனுக்கு அந்தப் படத்தில் உரிமை பாதிதான். எங்களுக்கு மேற்கே மலை, அடிவாரத்தில் தோப்பும் வயலும். சங்கரன்கோவிலைத் தாண்டிக் கழுகுமலை, கோவில்பட்டி என்று கிழக்கே போகப் போகத்தான் கரிசல் விரியும், குடத்தோடு அலையும் கதை தொடங்கும். கோமல் சுவாமிநாதனின் நாடகம் அந்த வறட்சியைத்தான் பேசியது. பாலசந்தர் அதை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு வந்தார். வந்ததும் அவருடைய வழக்கமான ஆயுதம் பாதி மழுங்கிவிட்டது: உள்ளே வந்து வெளியே போக அங்கே அறை ஏது? வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவரும் காட்சிகளில் பி.எஸ். லோகநாத்தின் கேமராவே பேசுகிறது. தூரத்தை நம் கண்ணால் அளக்கிறோம், வசனம் தேவைப்படவில்லை. சரிதாவின் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்பார்கள். கரிசலில் தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு அது உறுத்தாது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன, தகும். ஆனால் அடுத்தவர் நாடகமும் அந்நியமான நிலமும் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டதால் வந்த சாதனை இது. தன் இஷ்டத்துக்கு விடப்பட்டபோது இந்த அடக்கம் அவருக்கு மறுபடி கைகூடவில்லை.

1990-களில் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று சின்னத்திரைக்குப் போனதை இறக்கமாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது சொந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே தெரிகிறது. அறை, நெருக்கமான முகம், நீண்ட பேச்சு, பாத்திரம் பழக வாரக்கணக்கில் அவகாசம் எல்லாம் அங்கே இருந்தன. 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக 'சஹானா'வை அவர் எடுத்ததே, இரண்டரை மணி நேரத்தில் கதை தீரவில்லை என்று அவருக்கே பட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

நிற்கப்போகும் படங்களில் மூன்றைச் சொல் என்றால் 'எதிர்நீச்சல்', 'அவர்கள்', 'தண்ணீர் தண்ணீர்' என்பேன். 'சிந்து பைரவி'யைச் சேர்க்கமாட்டேன். அதில் இளையராஜாவின் பங்கைக் கழித்துவிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடட்டும்.