தம்புரா கேட்கிறதா?

பாட்டு கேட்பதற்கென்றே ஒரு கருவி வாங்கப் போகிறவர்கள், கடையில் முதல் வேலையாக டிரம்ஸும் பேஸும் அதிரும் ஒரு பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அப்படிக் கேட்டால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். கருவியின் குறை சத்தத்தில் ஒளிந்துகொள்ளும், அடங்கிய இடத்தில்தான் வெளியே வரும். அதனால் நான் எந்த ப்ளேயரைப் பார்க்கப் போனாலும் ஒரு கச்சேரிப் பதிவை மெமரி கார்டில் எடுத்துப் போவேன். பாடகர் வாய் திறக்குமுன் அதில் அரை நிமிடம் தம்புரா மட்டும் ஒலிக்கிறது. எனக்கு அந்த அரை நிமிடம் போதும்.

தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் சின்னதாக ஒரு நூல் இருக்கும். ஜீவா என்பார்கள். அதை மயிரிழை நகர்த்தி சரியான இடத்தில் நிறுத்தியதும் தந்தியின் நாதம் பூப்போல விரியும். மீட்டிய சுருதியோடு அதன் மேல் நாதங்களும் ஒவ்வொன்றாக எழும்பி, வண்டு ரீங்கரிப்பதுபோலச் சுழன்று தேயும். தேய்ந்து முடிவதற்குள் அடுத்த தந்தி வந்துவிடும். நல்ல ப்ளேயரில் இந்த நான்கு தந்திகளின் வாலும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத் தனித்தனியாகக் கேட்கலாம். மட்டமானதில் எல்லாம் குழைந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரே இரைச்சலாக இருக்கும்.

ஆனால் உடனே ப்ளேயர்மேல் பழி போட வேண்டாம். பாதி நேரம் குற்றவாளி பாட்டுக் கோப்புதான். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலியை நம் காது கவனிக்காது என்ற கணக்கில், அந்த மெல்லியதைக் கழித்துக் கோப்பைச் சிறிதாக்குவதுதான் எம்பி3. சிடியில் ஒரு நொடி இசைக்கு 1,411 கிலோபிட் இடம் உண்டு. 128 கிலோபிட் எம்பி3-யில் கிடைப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. இந்த முறையை ஜெர்மனியில் உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டை உரைகல்லாக வைத்துக்கொண்டார். வாத்தியமே இல்லாத தனிக்குரல் பாட்டு அது. மற்ற இசையில் தேறிய முறை, அந்தக் குரலைத் தொட்டதும் தோற்றது. அதைச் சரிசெய்யத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எம்பி3-யைச் செதுக்கினார்கள். தனிக்குரலும் தம்புராவும் எவ்வளவு கறாரான பரீட்சை என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மொபைல் கடையில் காசு கொடுத்து கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்ட காலத்துச் சேமிப்பு பலரிடம் இன்னும் இருக்கும். என்னிடமும் இருந்தது. பெரும்பாலும் 128, சிலது அதற்கும் கீழே. அதையே கணினியில் போட்டு 320 ஆக்கினால் கோப்பு பெரிதாகுமே தவிர, கழித்த ஒலி திரும்பாது. உயிரான ஐம்பது அறுபது ஆல்பங்களையாவது சிடியிலிருந்தோ முறையாக விற்கும் இடத்திலிருந்தோ ஃபிளாக் கோப்பாகச் சேருங்கள். 2001-இல் வந்த ஃபிளாக் எதையும் கழிக்காமல் மடித்து வைக்கும் முறை. இடமும் சிடியில் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். மற்றவற்றுக்கு 320 எம்பி3 தாராளம். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் அதையும் சிடியையும் பிரித்துச் சொல்பவர்கள் மிகச் சிலர்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். இளம் காதின் எல்லை 20, வயது ஏற ஏற அது இறங்கும். அந்தப் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

இயர்போனும் ப்ளேயரும் ஜோடி சேர வேண்டும். காதுக்குள் அடைத்துக்கொள்ளும் 16 ஓம் இயர்போன்கள் மிக நுட்பமானவை. அதை மாட்டி, பாட்டின் அடங்கிய இடத்தில் கவனியுங்கள். பின்னால் 'ஸ்ஸ்' என்று மெலிதாக ஒரு காற்று ஓடினால் அந்த ப்ளேயர் வேண்டாம். ப்ளேயரின் வெளியீட்டு மின்தடை இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது அனுபவக் கணக்கு, அதாவது 16 ஓமுக்கு 2 ஓம். மீறினால் சில இயர்போன்களில் ஒலியின் குணமே மாறிவிடும். 300 ஓம் பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குக் கவலை வேறு. அவர்கள் ப்ளேயரின் வலுவைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இரண்டு பாட்டுக்கு நடுவே கேளுங்கள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. கச்சேரிப் பதிவில் கீர்த்தனை ஒரு கோப்பு, அதைத் தொடரும் தனி ஆவர்த்தனம் இன்னொரு கோப்பு என்று பிரித்திருப்பார்கள். பாடகர் விட்ட தாளத்தை மிருதங்கம் பிடிக்கும் அந்த நொடியில் சில ப்ளேயர்களில் 'டக்' என்று ஒரு வெற்றிடம் விழும். தாளம் அறுந்தது அறுந்ததுதான், அதற்குப் பிறகு என்னால் அந்தத் தனியில் ஒன்ற முடிவதில்லை. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகத்தான் கட்டும். கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் வெறுமையை வைத்து நிரப்பும். அதைப் படித்துத் தாண்டத் தெரிந்த ப்ளேயர் தாண்டும், தெரியாதது அப்படியே ஒலிக்கும். 'கேப்லெஸ்' வசதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று சொன்னாலும் போட்டுப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போதே திரையையும் பாருங்கள். சில ப்ளேயர்களில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும், சிலவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் பாட்டுக்குத் தமிழில் பெயரிட்டு வைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவன் நான்.

இரண்டு ப்ளேயர்களை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். துளி அதிகமாக ஒலிப்பதைத்தான் காது 'இதுவே நல்லது' என்று சொல்லும். சத்தத்தைக் குறைக்கும் படிகளையும் பாருங்கள். வீடு தூங்கிய பிறகு கேட்கிறவர்களுக்கு முதல் படியே அலறினால், அடுத்த கீழ்ப்படி மௌனம்தான். காது நலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். 2016-இல் ஐபோன் 7 இயர்போன் துளையை எடுத்த பிறகு பல போன்களிலும் அது போய்விட்டது. போனில் செருகும் விரல் நீள டாங்கிள் ஒன்று குறைந்த செலவில் நல்ல ஒலி தரும், பலருக்கு அதுவே போதும். ஐபாட்கூட 2022-இல் நின்றுவிட்டது. ஆனாலும் சோனி, ஃபியோ, ஹைபி, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் எல்லாம் தனி ப்ளேயர் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நான் தனியாக ஒன்று வைத்திருப்பதற்குக் காரணம், அதில் அழைப்பு வராது. முக்கால் மணி நேரக் கல்யாணியை நடுவில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் இயர்போன், உங்கள் கார்டு, நூறு முறை கேட்ட நான்கு பாட்டு. கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். உட்கார்ந்து கேட்க இருபது நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அடுத்த கடை.