ஓடும் கேமராவும் நிற்கும் கேமராவும்: தாராவி இளைஞர் படங்கள்

தாராவிக்குள் கேமராவோடு நுழைகிறவர்களுக்கு முதலில் துரத்தல் காட்சிதான் தோன்றும். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து, தலையில் இடிக்கும் வயர், சாக்கடையை மூடிய பலகை. ஒருவனை ஓடவிட்டு இன்னொருவனை விரட்டவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃப்ரைடே’ (2007) இதில் முன்னோடி. ஒளிப்பதிவு நம்மூர் நட்டி, அதாவது நடராஜன் சுப்ரமணியம். போலீஸ்காரரும் தேடப்படுகிறவனும் ஓடி ஓடி, கடைசியில் இருவருக்குமே மூச்சு வாங்குகிறது. வீரம் கரைந்து, களைப்பு மட்டும் மிஞ்சும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அதிலிருந்து தூண்டுதல் பெற்றதாக டேனி பாயில் சொன்ன ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தில் அந்தக் களைப்பு இல்லை. கதைப்படி அது ஜுஹு குடிசைப்பகுதி. உலகமோ தாராவி என்றே எடுத்துக்கொண்டது. ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மேண்டில் பயன்படுத்திய எஸ்ஐ-2கே டிஜிட்டல் கேமரா கைக்கு அடக்கமானது. படம் முதுகுப்பையிலிருந்த மடிக்கணினியில் பதிவானது. அதனால் பையன்களின் உயரத்துக்கே இறங்கி, அவர்களோடு சாய்ந்து சாய்ந்து ஓட முடிந்தது. ஏ.ஆர். ரஹ்மானும், ஈழத்தமிழ் வேர் கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.வும் சேர்ந்து தந்த பாட்டு அந்த ஓட்டத்தை விளையாட்டாக்குகிறது. பிறகு ஷாட்டுக்கு ஷாட் கேமரா மேலேறி, தகரக் கூரைகள் மட்டும் தெரியும் உயரத்துக்குப் போய்விடுகிறது. பையன்களைக் காணோம். இசை மட்டும் உற்சாகம் குறையாமல் ஒலிக்கிறது. பாயில், மேண்டில், ரஹ்மான் மூவருக்கும் 2009-இல் ஆஸ்கர் கிடைத்தது என்பதற்காக இந்தக் குறையைச் சொல்லாமல் விட முடியாது.

பம்பாயின் இளைஞனைத் திரை எப்போதும் இப்படித்தான் பார்த்தது என்றில்லை. செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவின் ‘ஸ்ரீ 420’ (1955) வேலை தேடி வந்தவனை நடைபாதையில் நிறுத்தி, சங்கர்-ஜெய்கிஷனின் பாட்டைக் கொடுத்தது. ‘நாயகன்’ (1987) சென்னையில் தோட்டா தரணி போட்ட செட்டுக்குள் தாராவியைக் கொண்டுவந்தது, பி.சி. ஸ்ரீராமின் ஒளியும் இளையராஜாவின் தாலாட்டுச் சாயல் கொண்ட பாட்டும் அந்தச் செட்டை ஊராகவே நம்பவைத்தன. ஆனால் அங்கே இளமை என்பது தாதாவாகும் வழியில் வரும் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

மாற்றம் ராப் வழியாக வந்தது. மெலடிக்கு முகம் கட்டாயமில்லை. மலையையும் அருவியையும் காட்டிச் சமாளிக்கலாம். ராப்பில் சொற்கள் நெருக்கியடித்து வருகின்றன. பாடுகிறவன் வாய் தெரியாவிட்டால் பாதி போச்சு. ஆகவே கேமரா நின்றே தீர வேண்டும். குர்லாவைச் சேர்ந்த ராப்பர் நேஸி 2014-இல் வெளியிட்ட ‘ஆஃபத்’ பாட்டைத் தன் ஐபேடிலேயே பதிவு செய்து, அதிலேயே வீடியோவும் எடுத்தார். ஒலிப்பதிவுக் கூடமும் கேமராவும் ஒரே கருவி. முன்னால் நிற்பதும் அதை வைத்திருப்பவரேதான்.

ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ (2019) நேஸியையும் அந்தேரி ராப்பர் டிவைனையும் முன்மாதிரியாகக் கொண்டு, கதையைத் தாராவியில் வைத்தது. ஜெய் ஓசாவின் கேமரா அங்கே பெரும்பாலும் ஓடுவதில்லை. குடிசையைச் சுற்றிப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கதைநாயகன் முராத்தின் வீட்டுக்குள் வரும் காட்சியைப் பாருங்கள். அவர்கள் வீட்டைப் படமெடுக்கிறார்கள். நம் கேமரா உள்ளே, வீட்டாரோடு நிற்கிறது. வந்தவரின் பனியனில் அமெரிக்க ராப்பர் நாஸின் பெயரைக் கண்டதும் முராத் அவருடைய வரிகளைச் சரளமாகச் சொல்கிறான். வேடிக்கை பார்க்க வந்தவர் வேடிக்கைப் பொருளாகிறார். இன்னொரு இடத்தில், அப்பா இரண்டாம் மனைவியை அழைத்துவருகிறார்; முராத் காதில் இயர்போனைச் செருகிக்கொள்கிறான். கல்யாண இரைச்சல் போய் ராப் கேட்கிறது. பத்தடி அறையில் தனக்கென்று ஓர் இடம் இல்லாதவனுக்கு அதுதான் தனியறை. இதை வசனமாக எழுதியிருந்தால் தாங்காது.

‘கல்லி பாய்’க்கு எட்டு மாதம் முன்பே, 2018 ஜூனில், பா. ரஞ்சித்தின் ‘காலா’ வந்துவிட்டது. தாராவியின் ராப் குழுவான டோபடெலிக்ஸை சந்தோஷ் நாராயணன் பாடவைத்தார். ரஞ்சித் திரையிலும் நிறுத்தினார். அசல் தாராவிக் குரல், தமிழில். ஆனால் முரளி ஜி.யின் கேமரா ரஜினிகாந்துக்குக் கட்டுப்பட்டது. பையன்கள் பந்தில் காலா கிளீன் போல்டு ஆகும் அறிமுகக் காட்சி நல்ல குறும்பு. அடுத்த நிமிடமே சட்டகம் மீண்டும் அவருடையதாகிவிடுகிறது. பாடும் இளைஞர்கள் பக்கவாட்டில் நின்று கருத்துச் சொல்லும் கோரஸாகிறார்கள். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு விசிலடிக்கும் கூட்டத்துக்கு இது குறையாகவே தெரியாது. கடைசியில் கருப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறந்து திரையை மூடும்போதுதான் கேமரா ஒருவரை விட்டுக் கூட்டத்தின் பக்கம் சாய்கிறது. காலா உயிரோடிருக்கிறாரா என்பதுகூட அப்போது முக்கியமில்லாமல் போகிறது.

இசையில் ‘காலா’ முந்தியது, கேமராவில் ‘கல்லி பாய்’. எனினும் இந்திப் படத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம் தாராவி. 90 அடிச் சாலையில் தமிழ்ப் பலகைகளைத் தேட வேண்டியதே இல்லை. அங்கே கதையை வைத்துவிட்டு, தொழுகை அழைப்பையும் ஆட்டோ ஹாரனையும் அவ்வளவு கவனமாகப் பதிவு செய்தவர்கள், பக்கத்து வீட்டில் யாரோ தமிழில் சண்டை போடும் சத்தத்தையாவது பின்னணியில் சேர்த்திருக்கலாம்.